முதல் மிஷின் எத்தனை சிசி?

கேள்வி: ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர். ஒன்பது வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் செயின்சா மிஷின் பிடிக்கிறேன். தைலமரமும் தென்னையும்தான் அதிகம். மாதத்துக்கு ஒன்றிரண்டு புளி, வேம்பு, தேக்கு வரும். தை பிறந்ததும் சொந்தமாக வேலை எடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. என்னிடம் ஏற்கெனவே 58 சிசி சைனா மிஷின் ஒன்று உண்டு. கூட வேலை பார்ப்பவர்கள், “எடுத்தால் 070 மாதிரி பெரிய மிஷினாக எடு” என்கிறார்கள். மச்சான் பேட்டரி மிஷின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஸ்டில் வாங்கலாமா, ஹஸ்க்வர்னா வாங்கலாமா? தொழிலுக்கு எது பெஸ்ட்? பழைய மிஷினை விற்றுவிடலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் கம்பெனிப் பெயர் இருக்கிறது, சிசி இருக்கிறது, மரத்தின் சுற்றளவு மட்டும் இல்லை. என் பட்டறைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான். முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் நீங்கள் வெட்டிய மரங்களின் தூர் இன்னும் அந்தந்தக் கொல்லையில் கிடக்கும். போய் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் பக்கம் எனக்குப் பழக்கம் என்பதால் உத்தேசமாக நானே சொல்கிறேன். ஐந்தாறு வருடத் தைலமரம் அடியில் 6 முதல் 8 அங்குல விட்டம் இருக்கும். தென்னை 12, 14. தூர் பெருத்த நெட்டைத் தென்னை என்றால் கொஞ்சம் கூட. ரோட்டோரப் புளி 8 அடிச் சுற்று இருந்தால் விட்டம் 30 அங்குலம் வந்துவிடும். ஆக, மாதத்தில் இருபது நாளுக்கு மேல் நீங்கள் அறுப்பது 14 அங்குலத்துக்கு உள்ளேதான். பெரிய மிஷினைக் கேட்பது அந்த ஒன்றிரண்டு புளி. அதற்காக மாதம் முழுக்கப் பத்துக் கிலோவைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காலையில் மிஷினை ஸ்டார்ட் செய்வதிலிருந்து சாயந்திரம் வரை என்ன வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தைலமரத்தைச் சாய்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு கிளை கழிக்க வேண்டும், லாரி அளவுக்குத் துண்டு போட வேண்டும், தூரை மட்டமாக அறுத்துவிட வேண்டும். நாளின் பெரும்பகுதி குனிந்த முதுகோடு இதில்தான் போகிறது. சாய்க்கும்போது மிஷின் எடை தெரியாது, மரம் தாங்கிக்கொள்ளும். கழிக்கும்போது முழு எடையும் உங்கள் கையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை நடுங்குகிறவன்தான் தன் காலையே வெட்டிக்கொள்கிறான். அதனால்தான் தொழிலுக்கு மிஷின் பார்க்கும்போது சிசியைவிட எடையை முதலில் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஸ்டில் கம்பெனியின் 070-ஐப் பார்ப்போம். 106 சிசி, 4.8 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. பழைய டிசைன். எளிதில் சாகாத மிஷின் என்பதை நான் மறுக்கவில்லை. பெரிய அடிமரத்தைப் பலகை போடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது தெய்வம்தான். ஆனால் அதே கம்பெனியின் புதிய எம்எஸ் 462-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 72 சிசி, 4.4 கிலோவாட், எடை 6 கிலோ. சக்தி கிட்டத்தட்ட அதே, கையில் நான்கு கிலோவுக்கு மேல் குறைவு. ஹஸ்க்வர்னாவில் 372 எக்ஸ்பி இந்த வகை: 71 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஆறரைக் கிலோ சொச்சம். அதற்கும் கீழே 50 சிசி தொழில் வகை இருக்கிறது. எம்எஸ் 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி இரண்டும் 3 கிலோவாட், 5 கிலோ பக்கம். உங்கள் தைலமரத்துக்கும் தென்னைக்கும் இந்த வகை தாராளம்.

ஆகவே என் யோசனை இது. முதல் மிஷின் 50 சிசி, தொழில் வகை, 16 அல்லது 18 அங்குல பார். நீங்கள் சொல்லும் 60,000-ல் இரண்டு நல்ல மிஷின் வராது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். புளி வருகிற நாளில் 70 சிசி மிஷினை வாடகைக்கு எடுங்கள், அல்லது அதை வைத்திருப்பவரையே கூலிக்குக் கூப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். பெரிய மரம் மாதத்துக்கு நாலைந்து என்று வந்திருந்தால் அந்த வருமானத்திலேயே 70 சிசி வாங்கிவிடலாம். வரவில்லை என்றால் அந்தப் பணம் மிச்சம்.

“தொழில் வகை” என்று சொல்வது விளம்பர வார்த்தை இல்லை. கடையில் மிஷினைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வீட்டு உபயோக மிஷின்களில் எஞ்சின் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். தொழில் வகையில் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸே மெக்னீசியத்தில் வார்த்ததாக இருக்கும். சூடு தாங்கும், பேரிங் இடம் மாறாது, கழற்றி மாட்டவும் எளிது. ஏர் ஃபில்டர் பெரிதாக இருக்கும், ஸ்பேனர் இல்லாமல் கழற்றலாம். செயின் ஆயில் எவ்வளவு வர வேண்டும் என்று திருகி வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதிர்வு விரலுக்கு வருவதைத் தடுப்பது அதுதான். வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய கைகள் குளிர்காலக் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். எனக்கு வலது கையில் இரண்டு விரல் அப்படி இருக்கிறது. டீ கிளாஸைப் பிடித்தால் சூடு தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

பச்சை, நீலம், சிவப்பு என்று எல்லா நிறத்திலும் வரும் 58 சிசி பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் நான் திறந்து அளந்தவற்றில் சிலிண்டர் விட்டம் 45 மில்லிமீட்டர் சொச்சம், பிஸ்டன் ஓட்டம் 34. பெருக்கிப் பாருங்கள், 54 தான் வருகிறது. மிச்சம் 4 சிசி ஸ்டிக்கரில் மட்டும். அதைவிடப் பெரிய தப்பு, கூடவே 22 அங்குல பார் மாட்டிக் கொடுப்பது. அந்த எஞ்சினுக்கு அது அதிகம். பாதி மரத்தில் செயின் திணறும், பிடித்திருப்பவர் கைப்பிடியை அழுத்துவார், கிளட்ச் வழுக்கிச் சூடேறும், பக்கத்தில் இருக்கும் ஆயில் பம்ப் பிளாஸ்டிக் பல் உருகும். உங்களுடையதும் ஒரு தடவையாவது அப்படிப் போயிருக்குமே? பார் நீளமாக இருந்தால்தான் பெரிய மரம் அறுக்கலாம் என்பதே தவறான நினைப்பு. 18 அங்குல பாரை வைத்து இரண்டு பக்கமும் சுற்றிவந்து 30 அங்குலம் வரை அறுக்கலாம். குட்டை பார் என்றால் எடை குறைவு, அரம் போட வேண்டிய பல்லும் குறைவு, நுனி எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா? ஜெர்மனிக்காரனும் சுவீடன்காரனும் ஐம்பது வருடத்துக்கு மேலாக இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் நல்ல மிஷின். உங்கள் ஊரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் ஆளும் ஸ்பேரும் இருக்கிறதோ அதை எடுங்கள். காசு கொடுக்கும் முன்னால் கடைக்காரரிடம் நான்கு சாமான் கேளுங்கள்: ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட். “சொன்னால் வரவழைத்துத் தருவேன்” என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். தைலமர லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும்போது, ஒரு ரப்பர் டயாஃப்ரத்துக்காகத் திருச்சியிலிருந்து பார்சல் வரும் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

புது மாடல்களில் கார்புரேட்டரை மிஷினே சரிபார்த்துக்கொள்ளும் வசதி வருகிறது. ஸ்டில்லில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோட்யூன் என்பார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. கோளாறு வந்தால் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் ஆகாது. அந்த வசதியுள்ள சர்வீஸ் பக்கத்தில் இல்லை என்றால் திருகி வைக்கும் சாதா கார்புரேட்டர் மாடலே போதும். அப்புறம், பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பெரிய கம்பெனிப் பெயரில் டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது. சீரியல் நம்பர் பில்லில் ஏற வேண்டும். வாரண்டி கார்டில் தொழிலுக்கு உபயோகித்தால் எத்தனை மாதம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி செயின். மிஷினைப் பற்றி ஆயிரம் பேச்சு பேசுவார்கள்; மரத்தை அறுப்பது செயின். மழுங்கின செயின் போட்ட 70 சிசியை, நன்றாக அரம் போட்ட 50 சிசி தோற்கடிக்கும். பந்தயம் கட்டியே காட்டியிருக்கிறேன்.

இப்போது நாம் போடும் செயினின் பல் வடிவமே ஒரு புழு சொல்லிக்கொடுத்தது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்று ஒருவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு, தன் இரண்டு தாடையால் இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்தார். அதுவரை செயினில் கைரம்பம் மாதிரியான பல்தான். அவர் புழுவின் தாடை மாதிரியே வளைத்து, ஒன்று இடம் ஒன்று வலம் என்று பல் வைத்தார். உங்கள் மிஷினில் ஓடுவதும் அதே யோசனைதான். பல் மரத்தைச் சுரண்டக் கூடாது, சீவ வேண்டும்.

அதனால் அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி சீவல் விழுந்தால் செயின் சரி. மாவு மாதிரி தூள் விழுந்தால் உடனே நிறுத்தி அரம் போடுங்கள். அழுத்தி அறுத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் பார், கிளட்ச், பிஸ்டன் மூன்றும் சேர்ந்து தேயும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போனால் அந்தப் பக்கப் பல்லுக்கும் எதிர்ப்பக்கப் பல்லுக்கும் நீளம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக விழும், மறுபக்கம் அரைகுறையாக விழும். எண்ணிக்கை வைத்துப் போடுங்கள், எல்லாப் பல்லுக்கும் மூன்று தள்ளு. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். கோணம் 30 டிகிரி. பல்லின் மேலேயே கோடு போட்டிருப்பார்கள். அரத்தின் தடிமன் செயினின் பிட்சுக்கு, அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவுக்கு, தக்கபடி இருக்க வேண்டும்: .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், 3/8 செயினுக்கு 5.2, சில கம்பெனிச் செயினுக்கு 5.5. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை அல்ல. நாலைந்து முறை அரம் போட்ட பிறகு பல்லுக்கு முன்னால் இருக்கும் மொட்டை முனையையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். பல்லின் உச்சியைவிட அது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது கணக்கு. அதற்கென்று ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள். கண்ணளவில் குறைக்காதீர்கள். அதிகம் தாழ்ந்தால் செயின் மரத்தைக் கவ்வி உதறும்.

தென்னையை அறுக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. மற்ற மரங்களில் நடுவில்தான் வைரம், தென்னைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் சோறு. வெளிச்சுற்றில் செயின் சீக்கிரம் மழுங்கும். மூலை கூராக இருக்கும் செயின் பச்சை மரத்தில் வேகமாகப் போகும், மண்ணிலும் தென்னையிலும் உடனே செத்துவிடும். மூலை கொஞ்சம் உருண்ட பல் உள்ள செயின் வேகம் சற்றுக் குறைவு, ஆனால் நின்று உழைக்கும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. மூன்று செயின் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். பாரும், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் சமமாகத் தேயும். ரோட்டோரப் புளி, வேம்பு என்றால் போர்டு அடித்த ஆணி உள்ளே இருக்கும். அந்த வேலைக்குப் பழைய செயினை மாட்டிக்கொண்டு போவது நல்லது.

செயின் ஆயிலுக்குப் பதில் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது நம் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் இரும்புத் துகள் இருக்கும். காசு மிச்சம் என்று நினைப்பீர்கள். பாரும் பம்பும் அந்தக் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். ஆயில் அப்படியே இருந்தால் பாரின் ஓட்டை அடைத்திருக்கிறது.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. அடுத்த இரண்டு மாதம் என் பட்டறை வாசலில் மிஷின்கள் குவிந்து கிடந்தன. தென்னந்தோப்பு முழுக்க விழுந்துவிட்டது, கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆளாளுக்கு ஒரு மிஷின் வாங்கிவிட்டார்கள். வந்தவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே வியாதி. சைலன்சரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிஸ்டனில் மேலிருந்து கீழே பூனை பிறாண்டினது மாதிரி கோடு கோடாக இருக்கும். ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது ஆயிலைக் கண்ணளவில் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு பெரியவர், “பைக்குக்கு ஊற்றுகிற பெட்ரோல்தானே தம்பி?” என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விற்றவர் சொல்லித்தரவில்லை. பாதி மிஷினுக்குச் சிலிண்டர் மாற்றுவதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று திருப்பி அனுப்பினேன்.

நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அளவைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. வேறு சாதாரண டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுவதானால் ஸ்டில் கையேடு லிட்டருக்கு 40 மில்லி கேட்கிறது. அளவு ஜாடி இல்லாமல் கலக்காதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்த கேன் நாள்பட்டால் அடியில் தண்ணீர் பிரியும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பருக்கும் அது ஆகாது. நீங்கள் வாங்கும் மாடல் எத்தனை சதவீத எத்தனால் வரை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மழைக்காலத்தில் பத்து நாள் வேலை இல்லை என்றால் டேங்கைக் கொட்டிவிட்டு, மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

பேட்டரி மிஷின்: மச்சானுக்கு வீட்டுத் தோட்டத்தில் முருங்கை கழிக்க அது நல்ல சாமான். நாள் முழுக்கத் தைலங்காட்டில் நிற்கிற உங்களுக்கு நாலைந்து பேட்டரியும் சார்ஜ் போட ஒரு கரண்ட் இடமும் வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

60,000-ஐயும் மிஷினிலேயே போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு மிஷின் பிடிக்கிறவர்களைத்தான் எங்கும் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2009-ல் இருட்டுகிற நேரத்தில், இன்னும் ஒரு கிளைதானே என்று வேம்பைக் கழித்துக்கொண்டிருந்தேன். பாரின் நுனி மேல்பக்கம் இன்னொரு கிளையில் பட்டு, மிஷின் எம்பி இறங்கியது. இடது முட்டிக்கு மேலே 11 தையல். செயின் பிரேக் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே உடைந்திருந்தது, சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான். மிஷின் வாங்கும்போது கடையிலேயே செயின் பிரேக்கைத் தட்டிப் பாருங்கள். தட்டினால் அந்தக் கணமே செயின் நிற்க வேண்டும். செயின்சாவுக்கென்று ஒரு பேன்ட் வருகிறது. உள்ளே அடுக்கடுக்காக நீளமான நார் இருக்கும். செயின் பட்டால் அந்த நார் பிய்ந்து ஸ்பிராக்கெட்டில் சுற்றிக்கொண்டு மிஷினையே நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் யார் போடுவது என்பீர்கள். முன்பக்கம் மட்டும் மூடி, பின்பக்கம் வாரால் கட்டுகிற வகையும் உண்டு, அதை வாங்குங்கள். கூடவே வலை வைத்த ஹெல்மெட், காது மூடி, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ்.

சொந்தமாக எடுத்துச் செய்யும்போது கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டிருந்த தலைவலியும் உங்களுக்கு வரும். பனையை வெட்டக் கூப்பிட்டால் கலெக்டர் அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்த பிறகு மிஷினை எடுங்கள். தேக்கு என்றால் லாரியில் ஏற்றும் முன் வனத்துறை பெர்மிட் இருக்கிறதா என்று கொல்லைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மரத்துக்குப் பக்கத்தில் லைன் போனால் மின்வாரியத்தில் சொல்லி நிறுத்தாமல் வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.

பழைய 58-ஐ விற்காதீர்கள், வாங்குகிறவரும் பெரிதாக ஒன்றும் கொடுக்கப் போவதில்லை. அந்த 22 அங்குல பாரைக் கழற்றிவிட்டு, அதே பிட்ச், அதே தடிமனில் 18 போடுங்கள். தூரை மண்ணோடு ஒட்டி அறுக்கச் சொல்வார்களே, மண்ணும் கல்லும் செயினைத் தின்கிற அந்த வேலைக்கு அது இருக்கட்டும். புது மிஷினின் செயின் தரையைத் தொடவே கூடாது.